அரசனின் கைக்குத் தண்ணீர் ஊற்றியது யார்

போன கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து சோற்றில் கை வைத்த உடனேயே நான் எழுந்து போய்விட்டேன். உங்கள் உம்மா பொரித்துவைத்த இறால் அப்படியே கிடந்தது. வாப்பாவுக்கு என்ன வந்தது என்று பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள். அதைக் கையலம்பும் இடத்துக் கண்ணாடியில் நான் கண்டேன். வாயால் சொன்னால் கோபமாக வரும். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் றிஸ்மியா திருத்தட்டும். கதையைத் திருத்த வேண்டாம்.

அன்றைக்கு நடந்தது இதுதான். நான் லண்டனில் வேலை செய்த அந்த இங்கிலாந்து ராஜா நாடகத்தை அஸ்லம் தொலைக்காட்சியில் போட்டான். விருந்துக் காட்சி வந்தது. ராஜா இரு கைகளையும் நீட்டுகிறார். ஒரு வேலைக்காரனின் கை மட்டும் தெரிகிறது. வெள்ளிக் கேத்தலைச் சாய்த்து அது தண்ணீர் ஊற்றுகிறது. அஸ்லம் படத்தை நிறுத்திக் கத்தினான்.

"நௌபர் மாமாட கை!"

அதோடு விட்டானா? "வாப்பா, இந்த நாடகத்தில எது சரித்திரத்துக்குச் சரி, எது பிழை எண்டு ஒரு ஆள் இணையத்தில பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லியிருக்காரு. கிரீடம் பிழையாம். குதிரைச் சேணம் பிழையாம். ராணிட உடுப்பு மெத்த காலம் பிந்தின உடுப்பாம். ஆனா இந்தக் கை இரிக்கே, ஊத்தி நிப்பாட்டக்குள்ள கேத்தல் மூக்கில ஒரு துளி நடுங்குது பாருங்க, அதுதான் முழு நாடகத்திலயும் உண்மையான எடமாம். ராஜாவுக்குப் பயந்த ஆள்ட கை அப்பிடித்தான் நடுங்குமாம்."

"நௌபர் மாமா பெரிய நடிகர்தான்" என்றாள் றிஸ்மியா.

அப்போதுதான் எழுந்தேன்.

நான் லண்டனுக்குப் போன கதையை நீட்ட விரும்பவில்லை. முதலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவினேன். பிறகு படப்பிடிப்பு ஆட்களுக்குச் சோறு கட்டிக் கொண்டுபோகும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். ஒரு நாள் விருந்துக் காட்சிக்கு மேசை அடுக்க ஆள் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்ததும், "நாளைக்கும் வா" என்றார் மேசைக்குப் பொறுப்பான டோரதி அம்மையார். அந்த நாளையிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் அவரிடமே இருந்தேன்.

ராஜா நாடகங்களில் மேசை அடுக்குவது சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ராஜா வாழ்ந்தது பல நூறு ஆண்டுகளுக்கு முன். அப்போது இங்கிலாந்தில் உருளைக்கிழங்கு இல்லை. தக்காளி இல்லை. மிளகாய் இல்லை. தேயிலையும் இல்லை. முள்ளுக்கரண்டியால் உண்ணும் பழக்கமும் கிடையாது. கத்தியும் கரண்டியும் விரலும்தான். தட்டுக்குப் பதிலாகக் காய்ந்த ரொட்டியை வெட்டி வைத்து அதன் மேல் இறைச்சியை வைப்பார்கள். ஆனால் கறுவாப்பட்டை இருந்தது. ஏலமும் மிளகும் இருந்தன. எல்லாவற்றையும் விட, அரிசி இருந்தது. அரிசியையும் கோழியையும் பாதாம் பாலில் குழைய ஆக்கி ராஜாவுக்கு வைப்பார்களாம். அதை முதன்முதலில் மேசையில் வைத்த நாள் எனக்கு ஊருக்கு வந்துபோன மாதிரி இருந்தது.

டோரதி அம்மையார் ஒருநாளும் ஏசியதில்லை. அதுதான் பயம். படம் பிடிப்பதற்கு முன், முதுகுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி ஒரு நடை நடப்பார். பிழையான பொருள் கண்ணில் பட்டால் நிற்பார். இரண்டே விரல்களால் அதை மெல்லத் தூக்குவார், செத்த பல்லியை வாலில் பிடித்துத் தூக்குவதுபோல. பக்கத்தில் இருக்கும் மரப்பெட்டியில் போடுவார். "இது இன்னும் கப்பல் ஏறவில்லை" என்பார். அவ்வளவுதான். அடுத்த பொருளுக்குப் போய்விடுவார். நான் ஒருமுறை அழகுக்காக வைத்த ஒரு சிவப்பு மிளகாய் அந்தப் பெட்டிக்குள் போனது. அதன் பிறகு மேசை அடுக்கிவிட்டு நானே என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நடை நடந்து பார்ப்பேன்.

இந்த நேரத்தில்தான் நௌபர் வந்து சேர்ந்தான். மருதமுனைக்காரன், உங்கள் உம்மாவின் தூரத்துச் சொந்தம். அங்கே வேலைக்கு ஆள் வேண்டும் என்றபோது அவனைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். பொடியன் என்று சொல்ல முடியாது, முப்பதைத் தாண்டியவன். ஆனால் பெண் பேசி முடியவில்லை. நல்ல நிறம். நல்ல ஆங்கிலம். சிரித்தால் காமெராக்காரனும் திரும்பிப் பார்ப்பான். நான் ஒரு வருடமாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்தும் "வேண்டாம், நன்றி" என்ற டோரதி அம்மையார், நௌபர் போட்ட இஞ்சித் தேநீரை முதல் நாளே வாங்கிக் குடித்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற என் கையில் என்ன இருந்தது தெரியுமா? பன்றித்தலை வைக்கும் தட்டு. தலை சாந்தில் செய்து சாயம் பூசியது, உண்மையானதல்ல. ஆனாலும் எனக்குத் தொட மனம் வராது. என்னை அண்ணனாக மதித்துக் காக்கா என்றே கூப்பிடும் நௌபர் வந்து, "சாந்துதானே காக்கா" என்று சர்வ சாதாரணமாகத் தூக்கி வைத்துவிட்டுப் போனான். அதிலும் என்னை முந்திவிட்டான்.

பிறகு சகன் விசயம் வந்தது. இந்த நாடகத்துக்குச் சரித்திரம் படித்த ஓர் அம்மையாரை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து விருந்தில் பலர் ஒரே பாத்திரத்தில் பங்கிட்டு உண்டார்கள் என்று அவர் ஒரு நாள் எல்லோருக்கும் விளக்கினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது நம்முடைய சகன் அல்லவா! கல்யாண வீட்டில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாலத்தில் உண்கிறோமே, அதைத்தான் வெள்ளைக்கார ராஜாக்களும் செய்தார்களா? மீதி விளக்கம் என் காதில் ஏறவில்லை. அடுத்த நாள் நானே தனியாக நின்று மேசை அடுக்கினேன். ராஜாவுக்கு முன்னால் பெரிய தாலம் ஒன்றை வைத்து, அதைச் சுற்றி மூன்று பிரபுக்களின் கதிரைகளை நெருக்கிப் போட்டேன். நம்மூரில் பள்ளிவாசல் தலைவர் வந்தாலும் சகனில் கூடித்தானே உண்பார்? ராஜா மட்டும் தனியாக உண்டால் அது என்ன விருந்து?

டோரதி அம்மையார் வந்து நின்றார். அந்தத் தாலம் இரண்டு விரலுக்குள் அடங்காது. ஆகையால் அவர் என் முகத்தைப் பார்த்தார். அதற்குள் நௌபர் எல்லோருக்கும் கேட்கச் சிரித்தான்.

"என்ன காக்கா, ராஜாவயும் சகன்ல ஒக்கார வெச்சிட்டீங்களா? கூடி உண்ணுறது மத்தாக்கள். ராஜாக்குத் தனிக் கோப்பை. அந்த அம்மா நேத்துச் சொன்னாவே!"

பிறகு ஆங்கிலத்தில் அதையே அவர்களுக்கும் சொன்னான். சரித்திர அம்மையார் அவனைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு தலையசைப்பு ஒருவனுடைய பகல் சாப்பாட்டைக் கெடுக்கும் என்று அன்றுதான் அறிந்தேன்.

இதற்கெல்லாம் மேலே ஒரு காரியம் இருந்தது. நாடகம் முடிந்ததும் வேலை செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடும் அல்லவா? மேசைப் பகுதிக்கு டோரதி அம்மையாரின் பெயரும் இன்னும் ஒரே ஒரு பெயரும் போடலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். ஒன்றுக்குத்தான் இடம். நௌபர் வருவதற்கு முன் அது நான்தான் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அந்தத் துணிவில் உங்கள் உம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லியும் விட்டேன்.

"பேர் வருமா? எந்த எடத்தில வரும்?"

"கடைசில."

"கடைசிலயா? பரவால்ல, வந்தாச் சரி. ராத்தாக்கிட்டச் சொல்லிட்டன்."

"ஏன் சொன்ன? இன்னும் முடிவாகல்லயே!"

"சொல்லாம எப்பிடி இரிக்க? அவட மருமகன் பேப்பர்ல வந்த நேரம் எத்தின தரம் சொன்னா!"

ராத்தாவிடம், அதாவது உங்கள் பெரியம்மாவிடம், ஒன்றைச் சொல்வது சாய்ந்தமருது முழுவதற்கும் சொல்வதுதான். இனி அந்தப் பெயர் வராவிட்டால் நான் ஊருக்கு எந்த முகத்தோடு வருவது?

இப்படி இருக்கும்போதுதான் தண்ணீர் ஊற்றும் காட்சி வந்தது. அந்தக் காலத்தில் விருந்துக்கு முன் ராஜாவின் கைக்கு ஒருவன் தண்ணீர் ஊற்றுவானாம். அந்த நேரம் பார்த்து ராஜாவின் காதில் தம்பியின் துரோகத்தைச் சொல்கிறார்கள். ராஜா முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. தண்ணீர் மட்டும் அமைதியாக விழவேண்டும். ஆனால் வேலைக்காரனாக நடித்தவர் ஊற்றினால் தண்ணீர் ராஜாவின் மடியில் விழுந்தது. இல்லாவிட்டால் சட்டைக் கைக்குள் போனது. ராஜாவின் உடுப்பு தடித்த வெல்வெட். ஒருமுறை நனைந்தால் காயவைக்கும்வரை எல்லோரும் சும்மா நிற்கவேண்டும். மூன்றாவது முறை நனைந்ததும் டோரதி அம்மையார் எங்கள் பக்கம் திரும்பினார்.

"கையை மட்டும் தனியாகப் படம் பிடிக்கலாம். ஊற்றத் தெரிந்தவர் யார்?"

நானும் நௌபரும் ஒரே நேரத்தில் கை உயர்த்தினோம். எங்கள் ஊரில் கல்யாண வீட்டுக்குப் போய், விருந்தாளிகள் கையலம்பக் கேத்தலும் தண்ணீர் ஏந்தும் பேசினும் தூக்காத ஆண் யார் இருக்கிறான்?

டோரதி அம்மையார் கதிரையில் உட்கார்ந்து கைகளை நீட்டினார். முதலில் நௌபர் ஊற்றினான். பிழையில்லை. பிறகு நான். கேத்தல் மூக்கை அவருடைய விரல் நுனிக்கு மேலே பிடித்து, நூல்போல விட்டேன். அவர் கையைத் தேய்க்கத் தேய்க்க நானும் நகர்ந்தேன். நிறுத்தும்போதுதான் வித்தை இருக்கிறது. கேத்தலை வெடுக்கென நிமிர்த்தக் கூடாது. மணிக்கட்டை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டே ஒரு விரலளவு உயர்த்த வேண்டும். கடைசித் துளி வெளியே வந்து யோசித்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விடும். கீழே விழாது, தொங்கவும் தொங்காது.

"இது" என்றார் டோரதி அம்மையார், என் கையைக் காட்டி. நான் நௌபரைப் பார்க்கவில்லை. பார்க்காமலே பார்த்தேன்.

எனக்கு உடுப்புப் போட்டார்கள். விளக்குகளை நெருக்கினார்கள். காமெராக்காரர் கண்ணை வைத்துப் பார்த்தார். உடனே தலையைத் தூக்கினார்.

"அது என்ன?"

என் வலது மணிக்கட்டில் ஒரு வெளுத்த வளையம். மணிக்கூடு கட்டிய தடம்.

பிள்ளைகளே, வெள்ளைக்காரர்கள் மணிக்கூட்டை இடது கையில் கட்டுவார்கள். எனக்குக் கலியாண நாளில் மணிக்கூடு கட்டியவர் உங்கள் மூத்தவாப்பா, உம்மாவின் வாப்பா. நான் இடது கையை நீட்டினேன். அவர் அதைத் தட்டிவிட்டு, "நல்லதெல்லாம் வலது கையிலதான் மருமகன்" என்று வலதில் கட்டினார். அன்று கட்டியதை நான் தொழுகைக்கு ஒழுச் செய்யவும் குளிக்கவும் தவிரக் கழற்றியதில்லை. லண்டன் குளிரிலும் அந்தத் தடம் மாறவில்லை. ராஜா காலத்து வேலைக்காரனின் கையில் மணிக்கூட்டுத் தடம் இருந்தால் யார் நம்புவார்கள்?

முகப்பூச்சுப் போடும் பெண் வந்து என் நிறத்துக்கு மாவு குழைத்து வளையத்தை மறைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஊற்றத் தொடங்கினேன். விளக்குச் சூட்டில் கை வியர்த்தது. பூச்சுக் கரைந்து மணிக்கட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக வெள்ளிப் பேசினுக்குள் விழுந்தது. தண்ணீர் மண்ணிறமானது. ராஜாவாக நடித்தவர் நல்ல மனிதர். பேசினைக் குனிந்து பார்த்துவிட்டு, "தேயிலை கப்பல் ஏறிவிட்டதா, டோரதி?" என்றார். படப்பிடிப்பு இடமே சிரித்தது. நௌபரும் சிரித்தான்.

இரண்டாம் முறையும் கரைந்தது. அப்போது டோரதி அம்மையார், "இடது கையால் ஊற்றமுடியுமா?" என்று கேட்டார்.

இடது கை சுத்தமாக இருந்தது. ஒரு தடமும் இல்லை. ஓம் என்று சொல்லியிருந்தால் இன்று அஸ்லம் படத்தை நிறுத்தி, "வாப்பாட கை" என்று கத்தியிருப்பான். ஆனால் கேத்தலை இடது கைக்கு மாற்றிப் பார்த்துவிட்டு உடனே வலது கைக்கே கொண்டுவந்தேன். ஒரு மனிதர் சாப்பிடப் போகிறார். அவருடைய கைக்கு நான் இடது கையால் தண்ணீர் ஊற்றுவதா? நம்மூரில் அப்படி ஊற்றினால் விருந்தாளி எழும்பிப் போய்விடுவார். அது நடிப்புத்தான், அவர் ராஜாவும் இல்லை, சாப்பிடப்போவதும் இல்லை. எல்லாம் தெரியும். சாந்துப் பன்றித்தலையையும் தெரிந்துதானே தொடாமல் நின்றேன்?

"இடது கையால் ஊற்றமாட்டேன் அம்மையார். எங்கள் ஊரில் அது ஏசுவதற்குச் சமன்" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் வந்து என் வலது மணிக்கட்டை இரண்டே விரல்களால் பிடித்துத் தூக்கினார். அந்த வளையத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மெல்லக் கீழே விட்டார்.

"இது இன்னும் கப்பல் ஏறவில்லை" என்றார்.

நௌபருக்கு மணிக்கூடு இல்லை. கலியாணமாகாதவனுக்கு யார் கட்டிவிடுவார்கள்? அவன் நேரம் பார்ப்பது கைத்தொலைபேசியில். அவனுக்கு என் உடுப்பைப் போட்டார்கள். நானே பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தேன்.

"மணிக்கட்ட உள்ளுக்குத் திருப்பு தம்பி. வெடுக்கெண்டு நிமித்தாத. திருப்பிக்கொண்டே தூக்கு."

"வெளங்குது காக்கா, வெளங்குது. நாங்களும் கலியாண ஊட்டில ஊத்தினதுதானே."

விளங்கவில்லை. காமெரா ஓடியபோது அவசரப்பட்டுத் தூக்கினான். கேத்தல் மூக்கில் ஒரு துளி தொங்கியது. தொங்கி நடுங்கியது. நான் டோரதி அம்மையாரைப் பார்த்தேன். இன்னொரு முறை எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். சரித்திர அம்மையார் அவருடைய காதில் ஏதோ சொன்னார். இருவரும் தலையசைத்தார்கள். அந்தத் துளியைத்தான் இப்போது இணையத்தில் உண்மை என்கிறார்கள்.

கை அவனுடையது என்றால் பெயரும் அவனுடையதுதான் என்று முடிவு செய்துகொண்டேன். நாடகம் ஒளிபரப்பான அன்று நாங்கள் இருந்த வீட்டில் நம் நாட்டு ஆட்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். கை வந்ததும் ஒரே கூச்சல். நௌபர் தன் கையைத் தானே முத்தமிட்டுக்கொண்டான். "திரும்பப் போடு, திரும்பப் போடு" என்று பின்னால் ஓட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், அவர்களுக்காகவும் ஓட்டினார்கள். கடைசியில் ஓடும் பெயர்கள்வரை அந்த வீட்டில் ஒருவரும் போகவில்லை. நானும் கேட்கவில்லை. நௌபரின் பெயரைப் பார்ப்பதற்கு எனக்கு என்ன அவசரம்?

மறுநாள் வேலைக்குப் போனதும் டோரதி அம்மையார் கேட்டார்: "பார்த்தாயா?"

"பார்த்தோம். கை நன்றாக வந்திருக்கிறது."

"உன் பெயரைக் கேட்கிறேன். மேசை அடுக்கியவன் நீ. உன் பெயரைத்தான் கொடுத்தேன்."

நான் ஓடிப்போய் உங்கள் உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பெயர் வந்துவிட்டது என்றேன். அவள் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது.

"அல்ஹம்துலில்லாஹ், சந்தோசம். நௌபர்ட கை வந்ததாமே? ஊரெல்லாம் அதே கதை. ராத்தா மூணு தரம் போன் எடுத்துட்டா."

நான் ஆசைப்பட்டது கிடைத்தது. ஆனால் கையைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் என்றால் பெயரை வாசித்தவர் ஒருவர்கூட இல்லை. அன்று தொடங்கிய புகைச்சல் இன்றுவரை ஆறவில்லை. இப்போது டோரதி அம்மையாரின் இடத்தில் நௌபர்தான் இருக்கிறான். பெரிய பெரிய மேசைகளின் படங்களை எனக்கு அனுப்புகிறான். "எப்பிடிக் காக்கா?" என்று கேட்கிறான். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொலைபேசியைக் குனிந்து பார்த்து, பிழை தேடுகிறேன். அநேகமாக ஒன்றும் கிடைப்பதில்லை. அது இன்னும் எரிச்சல்.

இதுவரை எழுதிவைத்திருந்தேன். நேற்று வெள்ளிக்கிழமை. சோறு தின்று கையலம்பிய பிறகு, "அந்த நாடகத்தின்ட கடைசியப் போடு மனே" என்று அஸ்லமிடம் சொன்னேன். கதை முடிந்து பெயர்கள் தொடங்கியதும் தொலைக்காட்சி தானாகவே அடுத்த பகுதிக்குப் போகப் பார்த்தது. உம்மா அவனிடமிருந்து ரிமோட்டைப் பறித்து எதையோ அமத்தி அதை நிறுத்திவிட்டாள்.

"ஒருத்தரும் அசையப்படாது. வாப்பாட பேர் வருகுது."

பெயர்கள் ஓடின. எறும்பளவு எழுத்து. உடுப்புத் தைத்தவர்கள், குதிரை பழக்கியவர்கள், மெழுகுதிரி ஏற்றியவர்கள். மேசை என்று வந்தது. டோரதி அம்மையாரின் பெயர். அதற்குக் கீழே...

"இந்தா!" என்றேன்.

"எங்க? எங்க வாப்பா?" என்றாள் றிஸ்மியா. அதற்குள் மேலே போய் மறைந்துவிட்டது.

"நான் கண்டன், இஸ்மாலெப்பை எண்டு இரிந்த" என்றாள் உம்மா. அவள் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"நில்லுங்க, பின்னுக்கு ஓட்டுறன்" என்று அஸ்லம் ரிமோட்டை வாங்கி அமத்தினான். அளவுக்கு மிஞ்சி அமத்திவிட்டான். பெயர்கள் போய், சண்டைகள் போய், குதிரைகள் எல்லாம் பின்பக்கமாக ஓடி, படம் எங்கே வந்து நின்றது தெரியுமா? நௌபரின் கையில்.

நான் எழுந்து போவேன் என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டேன். துளி தொங்கியது. நடுங்கியது.

"பாருங்க" என்றேன். "அது பயமும் இல்ல, சரித்திரமும் இல்ல. மணிக்கட்டத் திருப்பல்ல, அவ்வளவுதான். அந்த ராஜாட காலத்திலயும் ஊத்தத் தெரிஞ்சவன் துளி விட்டிரிக்க மாட்டான்."

உம்மா எழுந்து குசினிக்குப் போனாள். நம் வீட்டுக் கேத்தலில் தண்ணீரும் ஒரு பேசினும் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, இரு கைகளையும் நீட்டினாள்.

"எங்க, ஊத்துங்க பாப்பம்" என்றாள். "டேய் அஸ்லம், நீ உன்ட போனால படம் பிடி. மணிக்கூட்டுத் தடமும் தெரியட்டும்."